எலி கடித்த ஒட்டு

வலது காலுக்குக் காலுறை மாட்டியாகிவிட்டது. இடது காலுக்குத்தான் இல்லை.

டெய்லரம்மா சவப்பெட்டியின் கால்மாட்டில் மண்டியிட்டு, கணவரின் இடது பாதத்தை உள்ளங்கையில் தாங்கியபடி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதோட ஜோடி எங்கடி?"

"எல்லா டிராயரையும் குடைஞ்சு பாத்துட்டேன்மா. இல்ல. பிரவுன் கலர்ல ஒரு ஜோடி இருக்கு. அதைப் போட்டு விட்டுடேன்."

"அது கடையில வாங்கினது. இது நான் பின்னினது."

"இருக்கட்டுமே. யாரு வந்து அப்பா காலைத் தூக்கிப் பாக்கப் போறாங்க?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் கோட்டு, டை எல்லாம் போட்டு, தலைக்கு வகிடு எடுத்து, ஆளை மாப்பிள்ளை மாதிரிதான் அனுப்பி வைத்திருந்தார்கள். கால் மட்டும் வெறும் கால். இடுப்புக்குக் கீழே துணி மூடிவிடும், யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டிருப்பார்கள். டெய்லரம்மாவிடம் அந்தக் கதை நடக்காது. எந்த உடுப்பையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்த பிறகுதான் அவள் நல்லது கெட்டது சொல்வாள். சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, அடுத்தவர் கோட்டுகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுத்தே பாதி ஆயுளைத் தீர்த்தவள்.

சோபாவில் சரிந்திருந்த கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"அண்ணன் ரெண்டு காலுக்கும் ஒரே கலர்ல போட்டு நான் பாத்ததே இல்லையே அண்ணி. ஜோடியாப் போட்டு அனுப்பினா, ஆள் மாறிப் போச்சுன்னு அங்கேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க."

"நீ சும்மா இரு."

"சும்மாதானே இருக்கேன். ஒரு டீ குடுத்தீங்கன்னா குடிச்சுக்கிட்டே சும்மா இருப்பேன்."

அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஓர் அழுகை முடிந்தால் ஒரு கேலி, கேலி முடிந்தால் மறுபடி அழுகை என்று காலையிலிருந்து இடைவெளி விடாமல் நடத்திக்கொண்டிருந்தான்.

டெய்லரம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. காலுறை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிட்டது. பாதத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தைப் பார்த்து மகள் பயந்துபோனாள்.

"எங்கம்மா போறே?"

"உங்கப்பாவோட இன்னொரு குடும்பத்துக்கிட்ட."

அந்த இன்னொரு குடும்பம் சமையலறைக்குப் பின்னால், கண்ணாடி அறையில் இருந்தது. ஒரு மாமரம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களில் கழற்றிப் போட்ட கண்ணாடி லிஃப்டுகளின் சுவர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்தி அந்த அறையைக் கட்டியிருந்தார். ஒரு கண்ணாடியில் 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று இன்னும் எழுதியிருந்தது. ஊரில் குழாய்த் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கல்லாகிப் போகும் காலத்தில் அந்த அறைக்குள் வேர்த்துக் கொட்டும். தபால்காரர் பக்கத்து வீட்டுத் தபாலுக்கெல்லாம் இங்கே வந்து விலாசம் விசாரிப்பார். ஒரு குளிர்காலத்தில் உள்ளே வந்த சிட்டுக்குருவி ஒன்று வெயில் வந்த பிறகும் போக மறுத்துவிட்டது. கதவைத் திறந்து வைத்தார்கள். அது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்துகொண்டது. வீட்டின் மற்ற அறைகளில் டெய்லரம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடினாள். மரம் வெறும் உடம்போடு நின்றது.

வெறும் உடம்பு என்றும் சொல்ல முடியாது. முழங்கால் உயரத்தில், அடிமரத்தைச் சுற்றி, சாம்பல் நிறக் காலுறை இருந்தது.

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். விரல் பக்கத்தை வெட்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, மரத்தைச் சுற்றி வைத்துத் தைத்திருந்தார். நெருக்கமான தையல். ஒரு கோணல் இல்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு, ஊசியில் நூல் கோக்கக்கூட வராது என்று கையை விரித்துக்கொண்டு நின்ற மனிதர். அந்த மனிதரின் தையல் இது. நூலும் அவளுடைய நூல்தான். கடையில் வெளிநாட்டுக் கோட்டுகளுக்கு மட்டும் எடுக்கும் உயர்ந்த ரகம்.

மேலே பார்த்தாள். மரம் முழுக்கப் பூ. கொத்துக் கொத்தாக, வெட்கமில்லாமல், சாவு வீடு என்ற நினைப்பே இல்லாமல் பூத்திருந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் பூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது.

அவருடைய கடைசி நிமிஷம் இந்தப் பூக்களோடுதான் போனது. பூச்சி வராத பருவம். ஸ்டூல் மேல் ஏறி நின்று, சின்ன பிரஷ் ஒன்றால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து டெய்லரம்மா, "டீ ஆறுது" என்றாள். "இதோ வர்றேன்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லிவரும் பொய் அது. அவள் டீயைத் தட்டால் மூடி வைத்தாள். பிறகு ஸ்டூல் சாய்ந்த சத்தம் கேட்டது. விழுவதற்கு முன்னால் ஏதோ சொன்னார். என்ன என்று அவளுக்குக் கேட்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் கடைசியாகச் சொன்னது என்ன? அதைக் கேட்டது இந்த மரம். கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல நிற்கிறது.

பிரஷ் வருவதற்கு முந்தைய வாரம் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிந்தது. மாம்பூவுக்கு ஈ வந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். யாரோ என்ன யாரோ, அந்த 'அவள்'தான். அழுகின மீன்தலை ஒன்றை மரத்தடியில் கட்டித் தொங்கவிட்டார். ஈ வந்தது. ஊரில் ஈயே இல்லாத குளிரில் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, சொல்லி அனுப்பிய மாதிரி வந்தது. சாப்பாட்டுத் தட்டில் ஓர் ஈ உட்கார்ந்தால் தட்டையே தள்ளி வைக்கிற மனிதர், ஈக்களை வரவேற்று, "கதவைச் சாத்தும்மா, வந்தவங்க பயப்படுவாங்க" என்றார்.

டெய்லரம்மா ஹீட்டர் அருகில் போனாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழை அணைப்புப் பக்கம் திருப்பினாள். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான் வேலை. சாயங்காலத்துக்குள் பூ கருகும், இலை தொங்கும், காலையில் மரம் விறகு. சாவு வீட்டில் ஹீட்டரை யார் கவனித்தார்கள் என்று ஊரே பரிந்து பேசும்.

கூடத்துக்குத் திரும்பி வந்து, இடது காலுக்குப் பிரவுன் காலுறையை மாட்டினாள்.

"ஜோடி கிடைக்கலையா?" என்றாள் மகள்.

"கிடைச்சுது. வேற ஆள் போட்டிருக்கு."

'அவள்' யார் என்று சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே நர்சரி வைத்திருந்தவள். இந்தக் குளிரிலும் மாவும் கொய்யாவும் பலாவும் வளர்த்துக் காட்டுகிறவள் என்று பெயர். அவர் அவளை 'நர்சரியம்மா' என்பார். டெய்லரம்மா மனசுக்குள் 'நர்சரிக்காரி' என்பாள். பார்த்தது ஏதோ ஓரிரு தடவை, எரு மூட்டை இறக்க வேன் வந்தபோது, ஜன்னல் வழியாக. நினைத்தது தினமும். நினைக்க நினைக்க நர்சரிக்காரிக்கு வருஷத்துக்கு ஒரு வயது குறைந்துகொண்டே வந்தது. இந்தக் கணக்குக்கு இப்போது அவளுக்கு முப்பதுக்குள்தான் இருக்க வேண்டும்.

மரம் வந்த கதை இதுதான். மகள் சிறுமியாக இருந்தபோது, ஏதோ சண்டையில், வீட்டுக்கு வாங்கி வந்த ஒரே மாம்பழத்தை டெய்லரம்மா ஒருத்தியாகவே பாத்திரத் தொட்டி அருகில் நின்று தின்று தீர்த்தாள். "என் பங்கு எங்க?" என்று அவர் கேட்டார். தொட்டியில் கிடந்த கொட்டையைக் காட்டினாள். அவர் அதைக் கழுவி ஒரு மண்தொட்டியில் ஊன்றினார். முளைத்தது. ஒரு முழம் வளர்ந்ததும் நர்சரிக்குப் போய் ஒரு குச்சி வாங்கி வந்தார். நல்ல ஜாதி மரத்தின் குச்சியாம். கொட்டைச்செடியின் தலையைச் சீவிவிட்டு அந்தக் குச்சியை அதன்மேல் பொருத்தி ஒட்டுக்கட்டினால், வேர் இதனுடையது, மேலே வளர்வதும் காய்ப்பதும் அதனுடையது.

எல்லா விளக்கத்தையும் டெய்லரம்மா ஒரே வரியில் புரிந்துகொண்டாள்: கால் நம்முடையது, உடம்பு அவளுடையது.

குளிர் படக் கூடாது என்று அந்தக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி, சட்டைக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அவள் கண்ணெதிரே பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து எடுத்தார். பொருத்தினார். நாடாவைப் பல்லால் இழுத்துச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் விடாமல், ஒட்டு போட்ட இடத்தை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "சூடு குடுத்தாத்தான் பிடிக்கும்" என்றார். டெய்லரம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவை எப்போதும் சில்லென்றுதான் இருந்தன.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், கோட்டுத் துணி வெட்டும் நல்ல கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஒரே வெட்டு.

சாயங்காலம் அவர் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"எலி கடிச்சிருச்சு போல."

"இருக்கும்" என்றாள் டெய்லரம்மா.

"நம்ம வீட்டுல எலி இருக்கா?" என்றாள் மகள்.

"குளிருக்கு உள்ள வந்திருக்கும்மா. பாவம்" என்றார் அவர்.

அடுத்த நாள் ஓர் எலிப்பொறி வாங்கி வந்து செடியருகில் வைத்தார். உள்ளே ஒரு முந்திரி பிஸ்கட். எலிக்கு அதுதான் பிடிக்கும் என்றார். டெய்லரம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். பொறியில் இன்றுவரை ஓர் எலியும் விழவில்லை. ஒரு தடவை கொழுந்தனின் கட்டைவிரல் விழுந்தது.

கொஞ்ச நாளில் செடி மறுபடி துளிர்த்தது. டெய்லரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டினாலும் முளைக்கிறாளே! இனி எத்தனை வெட்டு வெட்டினாலும் முளைப்பாள் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தவள், அதன் பிறகு பொறாமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். மரம் உயர உயர அதுவும் உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் நர்சரிக்குப் பஸ் ஏறினார். என்ன வேலை என்று கேட்டால், "சும்மா, மண்ணைப் பத்திப் பேச" என்பார். மண்ணைப் பற்றி ஒரு மனிதர் வாரம் முழுக்க யோசித்துப் பேச என்ன இருக்கும்?

லிஃப்ட் கம்பெனி ஆட்கள் நான்கைந்து பேர் வந்து, பெட்டியைச் சுற்றி, லிஃப்டுக்குள் நிற்பது மாதிரியே முகத்தோடு முகம் பார்க்காமல் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தபால்காரர் வந்தார். டெய்லரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நர்சரிக்காரி வரவில்லை. வராமல் இருந்தது, அதுவும் பொறுக்கவில்லை.

காலி கோப்பைகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனபோது ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. தோட்டப் பக்கம் நின்றிருந்தது. கண்ணாடி அறையின் வெளிக்கதவு திறந்து மூடிய பனித்தடம் தெரிந்தது. உள்ளே மரத்தடியில் ஓர் உருவம்.

செத்த மனிதர் கூடத்தில் கிடக்கிறார். இவள் நேராக மரத்திடம் போயிருக்கிறாள்!

கோப்பைகளைத் தொட்டியில் போட்டதில் ஒன்று உடைந்தது. டெய்லரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே நின்றவள் குள்ளமாக, பருமனாக, முழங்கால்வரை சேறு அப்பிய பூட்ஸோடு இருந்தாள். தலை முழுக்க நரை. முப்பது வயது எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஹீட்டர் அணைஞ்சிருந்துச்சுக்கா. போட்டு விட்டேன். ரெண்டு தடவை கட் ஆயிருச்சு. ஒரு உதை குடுத்தேன், பிடிச்சுக்கிச்சு."

அக்காவாம். நரைத்த தலையை வைத்துக்கொண்டு அக்கா. ஹீட்டரை எந்த இடத்தில் உதைக்க வேண்டும் என்பதுவரை இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதுவா அணையலை. நான்தான் அணைச்சேன்."

நர்சரிக்காரி அவளைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

"அவர் ஹால்ல இருக்கார். இங்க இல்ல."

"தெரியும்க்கா. அங்க போய் நிக்க முடியுமான்னு தெரியலை. அதான் முதல்ல இங்க வந்தேன்."

"வந்ததுதான் வந்தீங்க, உங்க மரத்தைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க. வேன்தான் இருக்கே. இனிமே இதுக்கு இங்க தண்ணி ஊத்த ஆள் இல்ல."

"என் மரமா?"

நர்சரிக்காரி கையெட்டும் கிளையில் ஓர் இலையைக் கிள்ளினாள். கசக்கி முகர்ந்தாள். பிறகு அதை டெய்லரம்மாவின் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. பெயின்ட் கடை வாசனை அடிக்குதில்ல? என் ஜாதியோட இலைன்னா எலுமிச்சை மாதிரி இருக்கும். இது என்னுது இல்லக்கா. என்னோட குச்சி வந்த மறுநாளே போயிருச்சே."

"திரும்ப முளைச்சுதே?"

நர்சரிக்காரி ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெதுவாக மடித்து உட்கார்ந்தாள். காலுறையைக் கீழே சுருட்டி இறக்கினாள். அதற்குள்ளே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு முண்டு, பட்டை மூடி ஆறிப்போய் இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை கீழேயிருந்து புறப்பட்டு, வளைந்து, நிமிர்ந்து, மரம் முழுவதும் மேலே போயிருந்தது.

"இதான் ஒட்டு போட்ட இடம். இதுக்கு மேல துளிர்த்தா என்னுது. கீழ துளிர்த்தா அடிச்செடி, கொட்டையில வந்தது. பாருங்க. எல்லாமே கீழேர்ந்துதான் வந்திருக்கு."

டெய்லரம்மா பார்த்தாள். குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"எலி கடிச்சிருச்சுன்னு வந்து சொன்னாரு" என்றாள் நர்சரிக்காரி. "நானும் ஒரு நாள் வந்து பாத்தேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. எலி பிய்ச்சுப் பிய்ச்சுக் கடிக்கும். இது சாய்வா, ஒரே வெட்டு. இவ்வளவு சுத்தமா வெட்டுற எலியை நான் பாத்ததே இல்ல."

வெட்டு நன்றாகத்தான் விழுந்திருந்தது.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? அவருக்கு என்ன, கண்ணு இல்லையா?"

ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எங்கோ மேலே கண்ணாடியில் பனி சறுக்கி விழுந்தது.

"வேற குச்சி தர்றேன்னு வருஷா வருஷம் சொல்வேன்" என்று நர்சரிக்காரி தொடர்ந்தாள். "‘வேணாங்க, வீட்டுல எலித் தொல்லை’ன்னுடுவாரு. சரி, இந்தக் கொட்டைச்செடியையாவது பிடுங்கிப் போடுங்க, இது பூக்கறதுக்குள்ள நமக்குப் பல்லு போயிரும், காய்ச்சாலும் நாரு, புளிப்பு, வாயில வைக்க முடியாதுன்னேன். எங்கிட்ட இருக்கிற ஜாதிக்கு எந்தெந்த ஊர்லேர்ந்தோ வந்து நிக்கிறாங்க. இவர் ஒருத்தர்தான் வேணாம்னாரு. வேணாம்னுட்டு, இதுக்குப் போயி காலுறை தைச்சு மாட்டியிருக்காரு."

கடைசி வார்த்தைகளில் ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தின் அளவை டெய்லரம்மா பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். தனக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"பின்ன எதுக்கு வாரா வாரம் உங்ககிட்ட வந்தாரு?"

"புகார் சொல்ல."

"என்ன புகார்?"

"உங்களைப் பத்தித்தான். ராத்திரி போர்வையை முழுசா இழுத்துக்குவீங்களாம். டீயில சர்க்கரை போடாமலே போட்டேன்னு சாதிப்பீங்களாம். அவர் பேச ஆரம்பிச்சதும் மிஷினை வேகமா மிதிப்பீங்களாம். ஒரு வாரம் சொன்னது அடுத்த வாரம் வராது. புதுசு புதுசா கொண்டு வருவாரு."

டெய்லரம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவளிடம் அவர் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு அவள் நாலு சொல்லியிருப்பாள். அதற்கு அவர் ஒன்று சொல்லியிருப்பார். தனக்கு வர வேண்டிய சண்டைகளையெல்லாம் இவள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், மண்மூட்டைகளுக்கு நடுவில், ஞாயிறு தவறாமல்.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"கேட்டுக்குவேன். தொட்டிக்கு மண்ணு ரொப்பிக்கிட்டே கேட்டுக்குவேன். ஒரு தடவை, அவ்வளவு கஷ்டமா இருந்தா விட்டுட்டு வந்துர வேண்டியதுதானேன்னேன். சும்மா, விளையாட்டுக்குத்தான்."

"அதுக்கு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாரு." நர்சரிக்காரி காலுறையைப் பழையபடி மேலே இழுத்துவிட்டாள். "அடுத்த வாரம் வந்தாரு. மறுபடி போர்வையிலேர்ந்து ஆரம்பிச்சாரு."



பிறகு நர்சரிக்காரி பைக்குள்ளிருந்து மடக்குக் கத்தியை எடுத்தாள். விரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு இதுல ஒரு குச்சி வேணும். ஒண்ணே ஒண்ணு."

"நாருன்னீங்க?"

"நாருதான்."

"புளிப்புன்னீங்க?"

"ஆமாக்கா."

பின்னே எதற்கு என்று டெய்லரம்மா கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், அவள் கண் வைத்திருந்த கிளையைப் பார்த்தாள்.

"பூத்திருக்கும்போது வெட்டலாமா?"

"அந்தக் கிளையில பூ இல்லைக்கா. மரத்துக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்" என்றாள், காலையில் ஹீட்டரை அணைத்தவள். "காய் பிடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"எப்பக்கா?"

"பாக்கலாம்."

நர்சரிக்காரி தலையாட்டினாள். கத்தி பைக்குள் போனது.

"அம்மா, வண்டி வந்துருச்சு" என்று மகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

நர்சரிக்காரி பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து பெட்டியருகே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் டெய்லரம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெகுநேரம் முகத்தையே பார்த்துவிட்டு, "டை ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றாள், கையைப் பாதி தூக்கியபடி. டெய்லரம்மாவின் விரல்கள் அதற்குள் முடிச்சில் இருந்தன. தளர்த்தினாள், நேராக்கினாள், நேராக இருந்ததை இன்னொரு தடவை நேராக்கினாள். தூக்கிய கையை நர்சரிக்காரி கீழே போட்டாள்.

பெட்டியை மூடும் நேரத்தில் பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஹீட்டர் கட் ஆயிருச்சு" என்றாள் நர்சரிக்காரி. "ரொம்ப ஆறிப் போனா அப்படித்தான் பண்ணும். யாராவது பக்கத்துலயே இருந்து உதைச்சுக்கிட்டே இருக்கணும். நீங்கள்லாம் போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன். எனக்கு அது பழக்கம்தான்."

"வேணாம்" என்றாள் டெய்லரம்மா. சொன்ன வேகத்தில் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். "நீங்க வாங்க. அவரைப் பாக்கத்தானே வந்தீங்க." சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "நீ இரு" என்றாள் கொழுந்தனிடம்.

"நானா? எங்க?"

"மரத்துக்கிட்ட. விளக்கு அணைஞ்சா உதை."

"அண்ணி, அவர் என் அண்ணன்! கூடப் பொறந்தவரு! அவரை அனுப்பி வைக்க நான் வராம, மாமரத்துக்குக் காவல் இருன்னா என்ன அண்ணி அர்த்தம்?"

"அவருக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. இதுக்கு ஆகும்."

"அம்மா" என்று மகள் குரலைத் தாழ்த்தினாள், "நேத்து நீதானே, எல்லாத்தையும் வெட்டி எரிச்சுடுறேன்னே?"

"நேத்து சொன்னேன்."

கொழுந்தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஏதாவது உதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தது போல இருந்தது. கிடைக்கவில்லை. பெட்டியின் விளிம்பில் கையை வைத்து, "உயிரோட இருந்தப்பவும் இதைத்தான் பண்ணினே. ஊருக்குப் போறேன், தண்ணி ஊத்துன்னே" என்று முணுமுணுத்தான். அழுகை வந்தது, அது முடிந்தது. கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"எந்தப் பக்கம் உதைக்கணும்?" என்றான்.

நர்சரிக்காரி வாயைத் திறந்தாள். டெய்லரம்மா முந்திக்கொண்டு, "போய்ப் பாரு. எங்க உதைச்சா எரியுதோ அந்தப் பக்கம்" என்றாள். "யார் வந்து கேட்டாலும் ஒரு இலையைத் தொட விடாதே. தெரிஞ்சவங்களா இருந்தாலும் சரி."

பெட்டியை ஏற்றினார்கள். டெய்லரம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே மகள். நர்சரிக்காரியின் வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் முதலில் அது பின்வாங்க வேண்டியிருந்தது. பனியில் சக்கரம் சுற்றியது. இரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள். அதன் பிறகு அது பின்னால் சேர்ந்துகொண்டது.

வண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் திரும்பியது. அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி அறை முழுசாகத் தெரியும். உள்ளே, பூக்களுக்குக் கீழே, கறுப்புக் கோட்டோடு கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஹீட்டரை ஒரு பக்கம் உதைத்தான். இன்னொரு பக்கம் உதைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. எழுந்து கோட்டைக் கழற்றினான். மாட்ட இடம் தேடினான். ஒரு கிளையைப் பார்த்தான். அப்படியே திரும்பி, சந்தில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டியைப் பார்த்தான்.

பிறகு உட்கார்ந்து, கோட்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.